கல் சுமந்து மேலே வந்தார்

அப்பாதுரையின் கல்குவாரியில் மோட்டார் மூழ்கிவிட்டது என்று ஆள் வந்து சொன்னபோது எலியேசர் சேலையூர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை ஹாண்டில்பாரில் போட்டுவிட்டு உள்ளே போய் குரோம்பேட்டைக்குப் போன் செய்தார். காந்திமதியின் வீட்டில் போன் கிடையாது. கீழ் வீட்டில் இருந்தது. அவள் படியிறங்கி வரும்வரை ரிசீவரைக் காதில் வைத்தபடி காத்திருந்தார்.

"எவ்வளவு ஆழம்ணா?" அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"எழுபது அடிங்கறாங்க. அளந்து பார்த்தவன் யாரும் இல்ல."

"அப்போ எண்பதுன்னு வெச்சுக்கிட்டே போவோம்."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை அது. முந்தைய வருடம் மழை பொய்த்திருந்தது. தாம்பரத்தைச் சுற்றியிருந்த ஏரிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. தாம்பரத்துக்கு மேற்கே, கல் உடைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட அப்பாதுரையின் குவாரியில் மட்டும் ஊற்றுத் தண்ணீர் பச்சையாக நின்றது. சுற்றுப்பட்ட குடியிருப்புகளுக்கு லாரியில் போன தண்ணீர் முழுவதும் அங்கிருந்துதான். டிரம்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையில் மோட்டாரைத் தொங்கவிட்டிருந்தார்கள். துருப்பிடித்த டிரம் ஒன்று தண்ணீர் குடித்துவிட, மிதவை சாய்ந்து, சங்கிலி நழுவி, மோட்டார் தன் நீளமான கேபிளோடு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. காலையிலிருந்து லாரிகள் காலியாக வரிசை கட்டி நின்றன.

எலியேசர் கடற்படையில் முக்குளிப்பவராகப் பல வருடம் இருந்தவர். ஓய்வு பெற்று வந்து தண்ணீருக்கடியில் செய்யவேண்டிய வேலைகளை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். நல்ல பருத்த உடம்பு. சிரித்தால் தெரு முனைவரை கேட்கும். காந்திமதி விலங்கியல் படித்தவள். மண்டபத்தில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்து, கடலுக்கடியில் பவளப் பாறைகளைக் கணக்கெடுக்கும் வேலையில் சில வருடங்கள் இருந்தாள். திட்டம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, எலியேசரைத் தேடி வந்து வேலை கேட்டாள்.

அவளை முதன்முதலாகத் தண்ணீரில் பார்த்த நாளை எலியேசர் பலரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு நீச்சல் குளத்தில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கியவள், தரைக்கும் மேல்மட்டத்துக்கும் நடுவில் அப்படியே நின்றாளாம். கையை ஆட்டவில்லை, காலை உதைக்கவில்லை. மூச்சை இழுத்தால் ஒரு சாண் உயர்ந்தாள், விட்டால் ஒரு சாண் இறங்கினாள்.

"நான் தண்ணிக்குள்ள மம்பட்டி புடிச்சவன் மாதிரி வேலை செஞ்சவன். இந்தப் பொண்ணு சும்மா மூச்சாலயே நிக்குது. எங்க நேவியில அப்படி நின்னவன் ரெண்டு பேரோ மூணு பேரோதான்," என்பார்.

சிலிண்டர் கட்டி முங்குகிறவர்களுக்கு இறங்குவது பெரிய காரியமில்லை. இடுப்பில் கட்டிய ஈயக்கட்டி பெல்ட்டே கீழே கொண்டுபோய்விடும். கவனமெல்லாம் ஏறுவதில்தான். அடியாழத்தில் தண்ணீரின் அழுத்தத்தால் நசுங்கியிருக்கும் காற்று, மேலே வர வர விரியும். மிதப்பதற்காக மாட்டிய ஜாக்கெட்டுக்குள் அடைத்த காற்று விரியும், உடம்போடு ஒட்டிய ரப்பர் உடுப்புக்குள் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுக் கொப்புளங்கள் விரியும், நெஞ்சுக்குள் இருக்கும் மூச்சும் விரியும். காற்று விரிந்தால் ஆள் லேசாவான். லேசானால் இன்னும் வேகமாக ஏறுவான். வேகமாக ஏறினால் காற்று இன்னும் விரியும். அந்தச் சுற்றில் ஒருமுறை மாட்டிக்கொண்டால், தண்ணீரே அவனைத் தூக்கி எறிந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படி மேலே போனவன் நுரையீரல் கிழிந்து ரத்தம் கக்குவான். அதனால் ஜாக்கெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைத் திறந்துவிட்டு, விடாமல் மூச்சுவிட்டு, தன் வாயிலிருந்து கிளம்பும் சின்னக் குமிழிகளைக்கூட முந்தாமல் ஏறவேண்டும்.

இது இருவருக்கும் தெரியாததல்ல.

குவாரிக் கரையில் மூன்று கால் நட்டு, கப்பியில் கயிறு கோத்து, பக்கத்தில் தனக்கோடி என்ற ஆள் தயாராக நின்றான். அப்பாதுரை வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார்.

"எலியேசர் சார், இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எடுத்துக் குடுத்துடுங்க. ஜனங்க குடத்தத் தூக்கினு என் வூட்டு வாசல்லயே வந்து நிக்கிதுங்க."

"எடுத்துரலாம்ங்க. நான் மூணு தடவ கயித்த ஆட்டினா மட்டும் இழுங்க. அதுவரைக்கும் யாரும் கயித்தத் தொடக்கூடாது."

"தனக்கோடி, கேட்டுக்கினியா?"

"கேட்டுக்கினேன் சார். மூணு ஆட்டு, அப்பாலதான் இழுப்பு."

காந்திமதி கரையின் ஓரமாக நடந்து, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்படியாக வெட்டிய பாறை. வெடி வைக்கத் துளைத்த பள்ளங்கள் வரிவரியாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போயின.

"என்ன பாக்குற?"

"கீழ படி எப்படிப் போகுதுன்னு பாக்கறேன்ணா. கடல்ல சுவர் கிடையாது. இங்க இருக்கு. நல்லதுதான்."

இருவரும் இறங்கினார்கள். மேலே வெதுவெதுப்பாக இருந்த தண்ணீர் இருபதடிக்குக் கீழே திடீரென்று குளிர்ந்தது. வெளிச்சம் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறியது. ஒரு படியின் அடிப்பாகம் வெடியில் சிதறிப்போய், மேல்பாகம் மட்டும் தாழ்வாரக் கூரை போல நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கடந்தபோது காந்திமதி ஒரு கணம் நின்று அதன் அடியில் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

மோட்டார் சகதியில் பாதி புதைந்து கிடந்தது. எலியேசர் சகதியைக் கையால் வாரி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டார். அவள் விளக்கைப் பிடித்தாள். கிளம்பிய சேறு இருவரையும் மூடியது. வேலை முடிந்ததும் எலியேசர் அவளைச் சுவர்ப் பக்கமாக ஒதுங்கச் சொல்லிக் கை காட்டினார். தானும் ஒதுங்கி, கயிற்றை மூன்று முறை ஆட்டினார்.

மோட்டார் சகதியிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பியது. அதன் பின்னால், சேற்றுக்குள் யார் கண்ணிலும் படாமல் சுருண்டு கிடந்த கேபிளும் கிளம்பியது. அதில் ஒரு சுருள் எலியேசரின் இடுப்பைச் சுற்றியிருந்தது.

அவருக்கு முதலில் தெரிந்தது இடுப்பில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. கையைக் கொண்டுபோவதற்குள் கேபிள் அவரைத் தலைகீழாகப் புரட்டி மேலே இழுத்தது. பெல்ட்டின் கொக்கி திறந்துகொண்டது. இடுப்பிலிருந்த பாரம் முழுவதும் கேபிளோடு போய்விட்டது. அவர் விடுபட்டுவிட்டார். விடுபட்ட அந்த நொடியிலேயே தண்ணீர் அவரைத் தூக்க ஆரம்பித்தது.

ஜாக்கெட்டின் காற்றுக் குழாயை உயர்த்தித் திறந்தார். இருந்த காற்றெல்லாம் பீறிட்டு வெளியேறியது. அது போதவில்லை. கைகளை விரித்தார், கால் துடுப்புகளைப் பரப்பினார். வேகம் சற்றுக் குறைந்தது, நிற்கவில்லை. வாயைத் திறந்து மூச்சை விட்டுக்கொண்டே இருந்தார். உடம்பு சொன்னபடி செய்தது. மனத்துக்குள் மட்டும் ஒரு முகம் வந்தது. முன்பு கப்பலில் அவரோடு இருந்த ஒருவன், இதே போல மேலே வந்து சேர்ந்தவன், படகில் கிடந்த முகம்.

அப்போது அவருடைய காலை யாரோ பிடித்தார்கள்.

கீழிருந்து உதைத்தேறி எட்டிப் பிடித்த காந்திமதி தன் ஜாக்கெட்டைக் காலி செய்துவிட்டிருந்தாள். அதனால் அவள் கனமாக இருந்தாள். அவருடைய கணுக்காலைப் பிடித்து, முழங்காலுக்கு ஏறி, ஜாக்கெட்டின் இடுப்புப் பட்டையைப் பற்றிக்கொண்டாள். இருவரும் சேர்ந்தும் மெதுவாக மேலேதான் போனார்கள். அவள் எதிர்த்து உதைக்கவில்லை. கீழே இழுக்க முயன்று மூச்சை வீணாக்கவும் இல்லை. பக்கவாட்டில் உதைத்தாள். ஏறுகிற வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு சுவரை நோக்கி அவரைத் தள்ளிக்கொண்டு போனாள். எதற்கு என்று எலியேசருக்குப் புரியவில்லை. முதுகிலிருந்த சிலிண்டர் 'டங்'கென்று பாறையில் மோதியபோதுதான் புரிந்தது. நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கூரைக்கு அடியில் அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். இனி தண்ணீர் எவ்வளவு தூக்கினாலும் அவரால் மேலே போகமுடியாது. திருவிழாவில் வாங்கிய பலூன் வீட்டு உத்தரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அப்படி நின்றார்.

அவள் அவர் முகத்துக்கு நேரே வந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் சாதாரணமாக இருந்தன. உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்து, மெல்ல அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்தினாள். மூச்சை விடு, இழு, விடு. அவருடைய மூச்சு அந்தக் கையோடு சேர்ந்துகொள்ளும்வரை அவள் வேறெதுவும் செய்யவில்லை. பிறகு 'இங்கேயே இருங்கள்' என்று சைகை காட்டிவிட்டுக் கீழே மறைந்தாள்.

கரையில் நடந்ததைத் தனக்கோடி பிற்பாடு சொன்னான். மோட்டார் தண்ணீரை விட்டு எழும்பியதும் லாரிக்காரர்கள் கை தட்டியிருக்கிறார்கள். அதன் பின்னாலேயே கேபிளில் சுருக்குப் போட்டாற்போல் தொங்கிக்கொண்டு வந்தது ஈயக்கட்டி பெல்ட்.

"சார், இன்னா சார் இது? இது அவரு இடுப்புல கட்டினு போனதாச்சே?"

அப்பாதுரை தண்ணீர் ஓரத்துக்கு ஓடினார். "அய்யய்யோ, இழுத்துட்டியேடா! அந்தாளு எங்கடா?"

"மூணு ஆட்டு வந்துச்சு சார், அப்பாலதான் இழுத்தேன்."

யாரோ கயிற்றை மறுபடி உள்ளே விடச் சொன்னார்கள். யாரோ குதிக்கிறேன் என்று சட்டையைக் கழற்றினார்கள். தனக்கோடி மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவரோரமாக ஓரிடத்தில் நுரை பொங்கியது. கொஞ்சம் தள்ளி இன்னோரிடத்திலும் பொங்கியது.

"தோ பாருங்க சார். ரெண்டு எடத்துல வர்து. ரெண்டு பேரும் மூச்சு வுட்டுனுதான் கீறாங்க. யாரும் குதிக்காதீங்கோ."

"அப்ப ஏண்டா மேல வரல?"



கீழே காந்திமதி கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூரைக்கு அடுத்த படியில், எப்போதோ வெடித்துச் சிதறிய துண்டுகள் குவிந்து கிடந்தன. ஈயம் அளவுக்குக் கல் கனக்காது. தண்ணீருக்குள் அது இன்னும் லேசு. அதனால் இழந்த எடைக்கு அதிகமாகவே எடுத்தாள். இரண்டு கைகளிலும் அணைத்துக்கொண்டு, தன் ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி, அந்தச் சுமையோடு லிஃப்ட் போலச் சீராக எழுந்து வந்தாள். எலியேசர் அதைக் கூரைக்கடியில் இருந்தபடி பார்த்தார். அத்தனை பாரத்தைச் சுமந்துகொண்டு, அவர் கண்ணுக்கு நேரே வந்ததும் ஒரு விரல்கடை மேலேயோ கீழேயோ போகாமல் நின்றாள்.

அவருடைய வயிற்றுப் பட்டையை அவிழ்த்து, தட்டையான கல்லை உள்ளே செருகி, இறுக்கினாள். அடுத்ததை மறுபக்கம். சின்னத் துண்டுகளை ஜாக்கெட் பைகளில் திணித்தாள். ஒவ்வொரு கல் போகும்போதும் முதுகுச் சிலிண்டர் பாறையை உரசும் சத்தம் குறைந்தது. கடைசியில் சத்தமே இல்லை. எலியேசர் கூரையிலிருந்து ஒரு சாண் கீழே இறங்கி, தண்ணீரில் தானாக நின்றார்.

அவர் பெருவிரலை மேலே காட்டினார், போகலாம் என்று. அவள் தலையாட்டவில்லை. மறுபடி கீழே போய், அம்மிக்குழவி அளவில் இன்னொரு கல்லை எடுத்து வந்து தன் இடது கையில் இடுக்கிக்கொண்டாள். அது யாருக்கு என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் வழியில்லை.

பிறகு ஏறினார்கள். அவள் வலது கையால் அவருடைய தோள்பட்டை வாரையும் காற்றுக் குழாயையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். முகத்துக்கு முகம். பழுப்பு மெல்லப் பச்சையானது. சின்னக் குமிழிகள் அவர்களைத் தாண்டிக்கொண்டு மேலே போயின. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு, அவற்றில் ஒன்றைக்கூட முந்திவிடாமல் அவரைக் கொண்டுபோனாள். குளிர் விலகி வெதுவெதுப்பு வந்தது.

அங்கே எலியேசருக்கு மறுபடி அந்த உணர்வு வந்தது. இடுப்புக்குக் கீழே ஏதோ தூக்குகிறது. கால்கள் மேலே கிளம்புகின்றன. ஆழத்தில் நசுங்கியிருந்த ரப்பர் உடுப்பு விரிந்துவிட்டது. அங்கே சரியாக இருந்த எடை இங்கே போதவில்லை. ஜாக்கெட்டில் விடுவதற்குக் காற்று மிச்சமில்லை. அவர் கை குழாயைத் தேடி அலைந்தது.

காந்திமதி இடுக்கியிருந்த கல்லை அவர் மடியில் வைத்தாள். அவர் இரு கைகளாலும் அதைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார். கல் கைமாறிய அதே மூச்சில் அவள் தன் ஜாக்கெட்டிலிருந்து அந்த அளவுக் காற்றை வெளியேற்றினாள். இருவரும் அசையாமல் நின்றார்கள். கல்லை அவள் கொண்டுவந்தது இந்த இடத்துக்காகத்தான் என்று எலியேசருக்கு அப்போதுதான் விளங்கியது.

மேலே வெயில் தகடு போலத் தெரிந்தது. இன்னும் பதினைந்து அடிதான். கை நீட்டினால் எட்டிவிடும் போலிருந்தது. ஆனால் அவள் அங்கே நிறுத்தினாள். இத்தனை நேரம் ஆழத்தில் இருந்த உடம்பு, ரத்தத்தில் கரைந்த காற்றை வெளியே விடுவதற்கு அவகாசம் வேண்டும். எலியேசரின் சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் அளவுமானியில் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. அவள் தன் சிலிண்டரின் இரண்டாவது வாய்க்குழாயை எடுத்து நீட்டினாள். அவர் மாற்றிக்கொண்டார். ஒரே சிலிண்டரிலிருந்து இருவரும் மூச்சுவிட்டபடி, சுவரின் வெடித்துளைப் பள்ளம் ஒன்றில் விரல்களை நுழைத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். குவாரிக் கெளுத்தி ஒன்று வந்து அவர்கள் கால்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

தலைகள் வெளியே வந்தபோது கரையில் சட்டென்று சத்தம் நின்றுவிட்டது. தனக்கோடிதான் முதலில் இறங்கிக் கை கொடுத்தான். எலியேசரைத் தூக்க முயன்றவன் திணறினான்.

"இன்னா சார், இம்மாங் கனம் கனக்கிறீங்க?"

"மொதல்ல இந்தக் கல்ல வாங்குப்பா."

ஜாக்கெட்டிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துப் போட்டார்கள். அப்பாதுரை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். எலியேசர் பாறை மேல் உட்கார்ந்தார்.  காந்திமதி அவர் முன்னால் குந்தி, காது வலிக்கிறதா, நெஞ்சில் ஏதாவது குத்துகிறதா, விரல்கள் மரத்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன்." பிறகு கேட்டார்: "அந்தக் கடைசிக் கல்லு. மேல வந்தா பத்தாம போகும்னு அங்கயே எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க உடுப்பு புதுசுண்ணா. என்னோடதவிட தடிப்பு. நிறைய விரியும்."

"எனக்கே அது ஞாபகம் வரலியே."

"உங்களுக்கு வந்திருக்கும். நீங்க கூரையில ஒட்டிக்கிட்டு இருந்தீங்க, நான் சும்மா இருந்தேன். அதான் எனக்கு முதல்ல வந்துச்சு."

எலியேசர் சிரித்தார். அன்றைக்கு முதல்முறையாக அந்தப் பெரிய சிரிப்பு குவாரிச் சுவர்களில் மோதித் திரும்பியது. கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. அவர் அதை மறைக்கவில்லை.

"அப்பாதுரை சார்," என்றார், "என் சர்வீஸ்ல எத்தனையோ பேர் மேல வர்றதப் பார்த்திருக்கேன். இன்னொருத்தர இப்படிப் பூ மாதிரி மேல கொண்டுவந்தவங்கள இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

அப்பாதுரை அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். காந்திமதிக்குக் கூச்சமாகிவிட்டது. எழுந்து போய் மோட்டாரில் சிக்கியிருந்த கேபிளைப் பிரிக்கத் தொடங்கினாள். புதிய டிரம்கள் கட்டி, மோட்டாரைக் கழுவிப் பூட்டி, சாயங்காலம் முதல் லாரி நிரம்பிக் கிளம்பியபோது அவள் ஏற்கெனவே தாம்பரம் ஸ்டேஷனுக்கு எலியேசரின் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போய்விட்டிருந்தாள்.

வீட்டில் எலியேசர் தன் மனைவி சரசுவிடம் எதையும் குறைக்காமல் சொன்னார். சரசு பள்ளிக்கூட டீச்சர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் அந்தப் பொண்ண சாப்பிடக் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

ஞாயிறு மத்தியானம் காந்திமதி வந்தாள். சரசு வஞ்சிரம் வறுத்திருந்தாள். இலையில் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தபடியே இருந்தன. எலியேசர் கதையை மறுபடி ஆரம்பித்தார். காந்திமதி, "போதும்ணா," என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்," என்றாள் சரசு. "உனக்குப் பயமே வரலியா?"



"வந்துச்சுக்கா. ஆனா பயந்தா மூச்சு பெருசா வரும். மூச்சு பெருசானா நானும் லேசாகி மேல ஏறிடுவேன். அப்புறம் அண்ணனைப் பிடிக்க முடியாது. அதனால அப்போ பயப்பட முடியல."

"பின்ன எப்பதான் பயந்தே?"

"ட்ரெயின்ல ஏறி உட்கார்ந்த பிறகு பயந்தேன். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டுறதுக்குள்ள கை கால் எல்லாம் உதற ஆரம்பிச்சுருச்சு. பக்கத்துல இருந்த அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்து, காய்ச்சலாம்மான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்."

சரசு கரண்டியை வைத்துவிட்டு, எச்சில் கையென்றும் பாராமல் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். எலியேசர் இன்னொரு மீன் துண்டை எடுத்து அவள் இலையில் வைத்தார். "அடுத்த வாரம் எண்ணூர்ல ஒரு வேலை வந்திருக்கு," என்றார். "அதுல நீதான் முன்னால போற. நான் உன் பின்னால வர்றேன்."

"எவ்வளவு ஆழம்ணா?" என்று கேட்டாள் காந்திமதி.